மாயச் சுங்கச்சாவடி: சொல்லைச் சொன்னபடியே நம்பும் நகைச்சுவை

அமெரிக்க எழுத்தாளர் நார்ட்டன் ஜஸ்டர் எழுதி 1961-இல் வெளிவந்த 'தி ஃபேன்டம் டோல்பூத்' சிறுவர்களுக்கான அத்தியாய நாவல் ஆகும். தலைப்பைத் தமிழில் 'மாயச் சுங்கச்சாவடி' எனலாம். இக்கட்டுரையில் அப்பெயரே வழங்கப்படுகிறது. 20 அத்தியாயங்கள் கொண்டது. ஜஸ்டர் (1929–2021) தொழிலால் கட்டடக் கலைஞர். நகரங்களைப் பற்றிச் சிறுவர்களுக்கு ஒரு நூல் எழுதவே அவர் நல்கை பெற்றிருந்தார். அந்த வேலையைத் தள்ளிப்போட்ட நாட்களில் விளையாட்டாகத் தொடங்கியது இந்தக் கதை. கோட்டோவியங்களை வரைந்தவர் கேலிச்சித்திரக்காரர் ஜூல்ஸ் ஃபைஃபர். இருவரும் அப்போது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரே கட்டடத்தில் குடியிருந்தனர்.

ஆங்கிலம் படிக்கும் மாணவர்களுக்கு அணிகளையும் மரபுத்தொடர்களையும் கற்பிக்க ஆசிரியர்கள் பலரும் எடுத்துக்கொள்ளும் நூல் இது. இணையத்தில் இந்நூலைத் தேடினால் 'எந்தப் பக்கத்தில் எந்த மரபுத்தொடர்' என்ற பட்டியல்களே மிகுதியாகக் கிடைக்கும். பட்டியல் தேர்வுக்கு உதவும்; ஆனால் அதைக் கொண்டு இந்நூல் நல்ல நூலா, அதன் நகைச்சுவை எங்கே வெல்கிறது, எங்கே தோற்கிறது என்று சொல்ல முடியாது. நூல் வந்த காலத்திலேயே, 'இதன் சொற்கள் குழந்தைகளுக்கு மிகக் கடினம், இது சிறுவர் நூலே அன்று' எனப் பதிப்புலகில் பலர் கருதியதாக ஜஸ்டரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த ஐயம் நியாயமானது. சொல்லின் வழக்குப் பொருள் தெரியாத குழந்தைக்கு அந்தச் சொல்லை வைத்துச் செய்யும் வேடிக்கை எப்படிப் புரியும்? ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் நம் மாணவர்களுக்கு இக்கேள்வி இன்னும் நெருக்கமானது.

கதை

மைலோ என்ற சிறுவனுக்குப் பொழுதே போகவில்லை. பள்ளியில் இருந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்கு வந்தால் வேறெங்காவது போக வேண்டும். ஒருநாள் அவனது அறையில் ஒரு பெரிய பொட்டலம் இருக்கிறது. அதற்குள் ஒரு சுங்கச்சாவடியின் பகுதிகள். அவற்றைப் பொருத்தி, தன் சிறிய மின்சாரக் காரில் ஏறிச் சாவடியைக் கடந்ததும் வேறு உலகம் வருகிறது. அங்கே சொற்களின் நகரத்தை அஸாஸ் என்ற அரசனும், எண்களின் நகரத்தை அவன் சகோதரனான கணித மந்திரவாதியும் ஆள்கின்றனர். சொல் பெரிதா எண் பெரிதா என்று இருவருக்கும் பகை. இரண்டும் சமம் எனத் தீர்ப்புச் சொன்ன ரைம், ரீசன் என்னும் இளவரசிகள் ஆகாயக் கோட்டைக்கு நாடுகடத்தப்பட்டார்கள். அவர்களை மீட்டு வருவது மைலோவின் வேலை. உடலில் கடிகாரம் பதித்த டாக் என்ற நாயும், ஹம்பக் என்ற பெயருடைய வாய்ச்சவடால் பூச்சியும் துணைக்கு வருகின்றன.

ஒப்பும் இல்லாமல் காரணமும் இல்லாமல் நடக்கும் செயலை ஆங்கிலத்தில் 'ரைமும் ரீசனும் இல்லாதது' என்பார்கள். அந்த ஒரு தொடரைப் பெண்கள் இருவராக்கி, அவர்களை ஊரைவிட்டு அனுப்பியதுதான் கதையின் கரு. அதாவது, இந்நூலில் மரபுத்தொடர் கதைக்கு ஒட்டவைத்த அலங்காரம் அன்று. கதையே மரபுத்தொடரிலிருந்து முளைத்தது.

விருந்தில் பரிமாறப்படும் சொற்கள்

நூலின் மிகச் சிறந்த நகைச்சுவைக் காட்சி அஸாஸ் மன்னனின் விருந்து. மைலோவிடம் உணவைத் தேர்வு செய்யச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் எளிய உணவை 'லைட் மீல்' என்பர். அவன் அப்படியே கேட்கிறான். பணியாளர்கள் மூடிய தட்டுகளைக் கொண்டுவந்து திறக்கிறார்கள். உள்ளிருந்து ஒளிக்கதிர்கள் துள்ளுகின்றன. 'லைட்' என்றால் ஒளியும்தானே. சரி, வயிறு நிறையட்டும் என்று 'ஸ்கொயர் மீல்' கேட்கிறான். ஆவி பறக்கச் சதுரங்கள் வருகின்றன. பிறகு ஒவ்வொருவரும் எழுந்து பேசவேண்டும் என்கிறார்கள். மைலோ மேடைப்பேச்சுக்கு உரிய சம்பிரதாய வாக்கியம் ஒன்றைத் தொடங்குகிறான். மற்றவர்களோ வறுத்த வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, ஊறுகாய், ஜாம் என்று பண்டங்களின் பெயரை மட்டும் அடுக்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். பின் உணவு வருகிறது. அவரவர் பேசியதே அவரவர் தட்டில்! தன் சொல்லைத் தானே தின்னவேண்டும் என்ற ஆங்கிலத் தொடர் அங்கே சட்டம்.

இந்தக் காட்சி ஏன் நன்றாக அமைந்தது என்று பார்க்கலாம். 'சொல்லைத் தின்னுதல்' என்பதற்கு 'சொன்னதைத் திரும்பப் பெற்றுத் தலைகுனிதல்' என்று பொருள் உண்டு என்பதை அறியாத குழந்தையும் இங்கே சிரிக்கும். தெரியாமல் பேசிவிட்டு ருசியில்லாத தட்டுடன் திண்டாடும் சிறுவனும், தெரிந்து பேசியதால் வான்கோழி தின்னும் ஹம்பக்கும் கண்முன் இருக்கிறார்கள். தொடரின் பொருள் பின்னால் வந்து சேர்ந்தால் இரண்டாவது முறை சிரிக்கலாம். முதற்சிரிப்புக்கு அகராதி தேவையில்லை. இதையே இந்நூலின் எல்லா வேடிக்கைகளுக்கும் உரைகல்லாகக் கொள்ளலாம் என்று கருதுகிறேன்: விளக்கம் சொல்லாமலே காட்சி நிற்கிறதா, அல்லது விளக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறதா?

தமிழில் இதைச் சொல்லிப் பார்த்தால் ஒரு சுவையான வேறுபாடு தெரியும். 'சொல்லை மென்று விழுங்குகிறான்' என்றால் நம் வழக்கில் தயங்குகிறான், முழுவதும் சொல்லாமல் மறைக்கிறான் என்றே பொருள். பேசியதைத் திரும்பப் பெறுவது என்பதற்கு நம்மிடம் வேறு படிமம் இருக்கிறது. 'வார்த்தையைக் கொட்டிவிட்டான்' என்கிறோம். கொட்டியதை அள்ள முடியாது என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் சொல் மீண்டும் வாய்க்குள் போகிறது. தமிழில் அது தரையில் சிந்திக் கிடக்கிறது. எனவே இந்த விருந்தைத் தமிழில் எழுத முனைபவர், பேசிய ஒவ்வொருவரும் முறத்தையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு தாம் சிந்திய சொற்களை அள்ளப் படும் பாட்டைத்தான் எழுதவேண்டியிருக்கும். அதுவும் நல்ல காட்சியாகவே அமையும்.

மாறாக, விருந்தின் முடிவில் வரும் இனிப்பு எந்தச் சேதமும் இல்லாமல் தமிழுக்கு வந்துவிடுகிறது. அரைகுறையாக வெந்த யோசனைகளைப் பணியாளர்கள் தட்டில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். நாமும் 'அரைவேக்காட்டு யோசனை' என்கிறோமே! உலகம் தட்டை என்ற கருத்தும் அப்பண்டங்களுள் ஒன்று. அதை மக்கள் நெடுங்காலம் விழுங்கிக்கொண்டிருந்தார்களாம். 'விழுங்குதல்' இங்கே உண்ணுதலையும் நம்புதலையும் ஒருசேரக் குறிக்கிறது. வரலாற்றுப் பாடம் ஒன்று ஒரே வாயில் உள்ளே போய்விடுகிறது.

இதே தரத்தில் வைக்கவேண்டியது 'முடிவுகள்' என்ற தீவு. போதிய காரணம் இல்லாமல் ஒன்றை முடிவுசெய்தவர்கள் நின்ற இடத்திலிருந்து அப்படியே பறந்துபோய் அத்தீவில் விழுகிறார்கள். ஆங்கிலத்தில் அவசர முடிவுக்கு வருவதை 'முடிவுக்குத் தாவுதல்' என்பார்கள். போவது எளிது, திரும்ப ஒரே வழிதான், அறிவுக்கடலை நீந்திக் கடக்கவேண்டும். மைலோ நீந்திக் கரையேறும்போது சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறான். ஹம்பக்கோ அவ்வளவு தூரம் நீந்தியும் துளி ஈரமின்றி வந்து சேர்கிறது. நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில் பாடம் நடத்திய எவருக்கும் இந்த வரியைப் படித்ததும் சில முகங்கள் நினைவுக்கு வரும். அன்றியும், கடைசி பெஞ்சுக்காரர்கள் மட்டும்தான் நனையாமல் வருவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஹம்பக் முதல் பெஞ்சில் அமரும் வகை.

சிலேடையின் வெற்றியும் தோல்வியும்

ஒரு சொல்லோ தொடரோ இரு பொருள் தந்து நிற்பதைத் தண்டியலங்காரம் சிலேடையணி என்கிறது. சொல் பிரியாமலே இரு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை. பிரித்துப் பார்க்கும்போது வேறு பொருள் தருவது பிரிமொழிச் சிலேடை. ஜஸ்டரின் விளையாட்டில் பெரும்பகுதி முதல் வகை. ஒலி ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் இருக்கும் சொற்களை வைத்தும் அவர் நிறைய ஆடுகிறார். ஒலித்தபடியே எழுதும் தமிழில் இவ்வகைக்கு இடம் குறைவு.

டாக் என்ற நாயை எடுத்துக்கொள்வோம். 'வாட்ச்' என்றால் காவல், கடிகாரமும்கூட. எனவே காவல்நாய் கடிகாரநாய் ஆகிறது. இது வெறும் பெயர் விளையாட்டாக நின்றிருந்தால் ஒரு பக்கத்துக்கு மேல் தாங்காது. ஜஸ்டர் அந்த நாய்க்கு ஒரு வேலை கொடுக்கிறார்: நேரம் வீணாகாமல் காவல் காப்பது. மைலோ பொழுதைக் கொன்றுகொண்டிருப்பதாக ஆங்கில வழக்கில் சொன்னதும் அது கொதித்துப்போகிறது. வீணாக்குவதே குற்றம், கொலையும் செய்வதா என்பது அதன் கோபம். இங்கே பெயர், உருவம், தொழில், குணம் நான்கும் ஒரு சிலேடையிலிருந்து வளர்கின்றன. தமிழில் பெயரின் சிலேடை போய்விடும், குணம் போகாது.

'சென்டென்ஸ்' என்பதற்கு வாக்கியம், தண்டனை என இரு பொருள். ஷ்ரிஃப்ட் என்ற குள்ளமான, உயரத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு அகலமான அதிகாரி மைலோவைக் கைதுசெய்து, தானே நீதிபதி அங்கியும் அணிந்துகொண்டு, நெடியது வேண்டுமா குறியது வேண்டுமா என்று கேட்கிறான். குறியதே போதும் என்கிறான் மைலோ. உடனே ஆங்கிலத்தின் மிகச் சிறிய வாக்கியம் ஒன்றைச் சொல்லித் தீர்ப்பை முடிக்கிறான் அதிகாரி. மைலோ நிம்மதி அடைவதற்குள், கூடவே 60 லட்சம் ஆண்டு சிறையும் உண்டு என்கிறான். ஆங்கிலம் நன்கு தெரிந்தவருக்கு இது வெடிச்சிரிப்பு. தெரியாதவருக்கு 60 லட்சம் என்ற எண் மட்டுமே சிரிப்பூட்டும். அதிகாரியின் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. பொறுமையின்றி ஒருவரைத் தட்டிக்கழிப்பதற்கான பழைய ஆங்கிலத் தொடர் அது. இன்றைய ஆங்கிலக் குழந்தைகளே அத்தொடரை அறிவது அரிது. உரைகல்லில் தேய்த்தால் இந்த இடம் பாதிதான் மின்னுகிறது. வானிலை சொல்பவராக எதிர்பார்க்கப்பட்டு, வானிலை இருக்குமா இருக்காதா என்பதில் மட்டும் அக்கறை காட்டும் 'வெதர் மேன்' பாத்திரமும் அப்படியே. (ஃபைஃபர் அந்த மனிதரை ஜஸ்டரின் சாயலிலேயே வரைந்து வைத்தார் என்பது தனி வேடிக்கை.)

சிறையில் மைலோ சந்திக்கும் மூதாட்டியிடம் சிலேடை மீண்டும் உயர்கிறது. அவள் 'விச்'. அச்சொல்லுக்குச் சூனியக்காரி என்றும், வேறு எழுத்தில் எழுதினால் 'எது' என்றும் பொருள். எந்த இடத்துக்கு எந்தச் சொல் என்று தேர்ந்து கொடுப்பது அவளது பழைய உத்தியோகம். நாளடைவில் அவளுக்குக் கஞ்சத்தனம் வந்துவிட்டது. குறைவாகப் பேசினால் போதும் என்று அறிவிப்பு வைத்தாள், மேலும் குறைத்தாள், இறுதியில் மௌனமே நன்று என்றாள். சொற்சந்தையில் வியாபாரம் படுத்துவிட்டது. அவளைச் சிறையில் அடைத்தார்கள். இந்நூலின் சொற்கள் கடினம் என்று சொன்னவர்களுக்கு நூலுக்குள்ளேயே இருக்கும் பதில் இந்த மூதாட்டிதான். குழந்தைக்கு எது புரியாதோ அதையெல்லாம் நீக்குவோம் என்று நல்லெண்ணத்தோடு தொடங்குபவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்பதை ஜஸ்டர் கோபமில்லாமல் காட்டுகிறார். அவளைத் தீயவளாகவும் அவர் காட்டவில்லை. அவ்வளவாகக் கெட்டவள் அல்லாத சூனியக்காரி என்றே அவளுக்குப் பட்டம்.

அஸாஸின் அமைச்சர்கள் ஐவர் செய்யும் வேடிக்கை வேறு வகை. ஒருவர் ஒரு சொல் சொன்னால் மற்ற நால்வரும் அதே பொருளில் வேறு நான்கு சொற்களைச் சொல்வார்கள். அவர்கள் வருக என்று வரவேற்று முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்போல் இருக்கும். ஒரு பொருட்குப் பல பெயர் தொகுத்த நிகண்டுகளை மனப்பாடம் செய்த மரபு நம்முடையது. இந்த ஐவரைத் தமிழில் பேசவைப்பது ஆங்கிலத்தைவிட எளிது.

காணும் ஒலி, கேட்கும் நிறம்

சிரிப்பு வராத இடங்களிலும் உருவகம் வேலை செய்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்கவேண்டும். குரோமா என்பவன் வைகறையும் அந்தியும் நிறங்களைத் தன் இசைக்குழுவைக் கொண்டு வாசிக்கிறான். இசைக்கருவிகள் எழுப்புவது ஒலியை அன்று, நிறத்தை. அவன் உறங்கும்போது மைலோ தானே ஒருமுறை விரலசைத்துப் பார்க்கிறான். வானம் கண்டபடி நிறம் மாறுகிறது. சில நிமிடங்களில் ஒரு வாரம் ஓடிவிடுகிறது. மற்றோரிடத்தில், ஒலிகளைக் காக்கும் பெண்ணின் கோட்டையில், முரசின் ஒலி பஞ்சுப்பொதிகளாக உருண்டு வருகிறது. இவை சிலேடைகள் அல்ல. ஒரு புலனுக்கு உரியதை மற்றொரு புலனுக்கு மாற்றும் கற்பனை. எந்த மொழியிலும் சேதமின்றி நிற்கும். தேர்வில் இப்பகுதிகளை யாரும் கேட்பதில்லை. பட்டியலில் அடங்காது என்பதாலோ என்னவோ.

எண் நகரத்தின் சிரிப்பு

எண் நகரத்தில் மைலோ பாதி உடலோடு நிற்கும் ஒரு சிறுவனைக் காண்கிறான். சராசரிக் குடும்பத்தில் 2.58 குழந்தைகள் என்று புள்ளிவிவரம் சொல்கிறது, தான்தான் அந்த.58 என்கிறான் அவன். சராசரிக் குடும்பத்துக்கு 1.3 கார் உண்டாம். அந்தப் பத்தில் மூன்று பங்கு காரை ஓட்டக்கூடியவன் தான் ஒருவனே என்று அவனுக்குப் பெருமையும் உண்டு. சராசரி என்பது யாரையும் குறிக்காத எண் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அருகிலேயே, உண்ண உண்ணப் பசி கூடும் கழித்தல் குழம்பு. வயிறு நிறைந்தபோது தொடங்கி, வயிறு காலியாகும்வரை உண்பார்களாம். உரைகல்லில் இவை மாற்றுக் குறையாத பொன். இங்கே விளையாட்டு சொல்லில் இல்லை, கருத்தில் இருக்கிறது.

சிரிப்புக்குத் தடை போட்ட ஊர்

பயணத்தின் தொடக்கத்தில் மைலோ எதையும் யோசிக்காமல் காரோட்டிச் சென்று ஒரு மந்தமான இடத்தில் சிக்கிக்கொள்கிறான். அங்கு வாழும் சோம்பேறிச் சிற்றுயிர்கள் சட்டத்தைப் படித்துக் காட்டுகின்றன: அங்கே யோசிக்கக்கூடாது, சிரிப்பதும் விரும்பத்தக்கது அன்று, ஒன்றுவிட்டு ஒரு வியாழக்கிழமை மட்டும் புன்னகைக்கலாம். அங்கிருந்து வெளியேற என்ன வழி? யோசிப்பதுதான். மைலோ நினைவுக்கு வந்ததையெல்லாம் யோசிக்க, கார் நகர்கிறது. முதல் முறை படிக்கும்போது இது ஒரு வேடிக்கையான சட்டமாகவே தோன்றும். சிந்தனையையும் சிரிப்பையும் ஒரே சட்டத்தில் ஏன் தடைசெய்தார் என்பது பதினைந்து அத்தியாயங்களுக்கு மேல் கடந்த பிறகே விளங்குகிறது.

ஆகாயக் கோட்டையின் படிக்கட்டு அடியில் மைக்கறை படிந்த கிழவர் ஒருவர் பெரிய பேரேட்டுடன் உட்கார்ந்திருக்கிறார். 'சென்சஸ் டேக்கர்' என்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பவர். அதே ஒலியில் புலன்களைக் கவர்பவர் என்றும் பொருள்படும். பிறந்த நாள், உயரம், எடை தொடங்கி வாரத்துக்கு எத்தனை ஐஸ்கிரீம் தின்கிறாய் என்பதுவரை கேட்டு எழுதுகிறார். அரசு அலுவலகத்தில் படிவம் நிரப்பிய எவரும் இவரை அடையாளம் காண்பர். எழுதி முடித்தபின் மூவரையும் மயக்குகிறார்: மைலோவின் கண்முன் ஒரு சர்க்கஸ், டாக்கின் மூக்குக்கு நறுமணம், ஹம்பக்கின் காதுக்குக் கூட்டத்தின் கைதட்டல். நோக்க உணர்வு, கடமை உணர்வு, அளவுணர்வு எல்லாவற்றையும் அவர் எடுத்துக்கொள்ள முடியும். படிகளின் அடியிலேயே மூவரும் செயலற்று நின்றுவிடுகிறார்கள். அப்போது ஒலிகளைக் காக்கும் பெண் கொடுத்திருந்த சிறு பொட்டலம் மைலோவிடமிருந்து தவறி விழுந்து உடைகிறது. அதிலிருந்து கலகலவென்று சிரிப்பொலி. மூவரும் சிரிக்கிறார்கள், மயக்கம் கலைகிறது. நகைச்சுவை உணர்வு ஒன்றை மட்டும் அந்தக் கிழவரால் எடுக்க முடியாது.

இந்த இடத்தில்தான் நூலின் உருவகங்கள் ஒன்றோடொன்று கைகோக்கின்றன. 'சென்ஸ்' என்ற சொல்லுக்குப் புலன், உணர்வு, அறிவு, பொருள் என்று பல முகங்கள். ஐம்புலன்களும் ஏமாந்து, அறிவும் மங்கி நிற்கும் நேரத்தில் மிச்சமிருந்து காப்பது சிரிப்பு. ஊரில் யோசிக்கத் தடைபோட்டவர்கள் சிரிப்பையும் ஏன் சேர்த்துத் தடுத்தார்கள் என்பது இப்போது தெரிகிறது. சிரிப்பவன் ஒன்றை இரண்டு விதமாகப் பார்த்துவிட்டான். லைட் என்றதும் ஒளியையும் எளிமையையும் ஒரே கணத்தில் கண்டவனிடம், ஒரே காட்சியை மட்டும் காட்டி ஏமாற்றுவது கடினம். விருந்தில் தொடங்கிய பயிற்சி படிக்கட்டின் அடியில் பயன்படுகிறது.

தொல்காப்பியம் நகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன் கூறுகிறது. அவற்றுள் எள்ளல் இந்நூலில் மிகக் குறைவு. யாரையும் இழிவுபடுத்திச் சிரிக்கவைக்கும் இடம் எனக்குத் தென்படவில்லை. இளமையும் பேதைமையும் மைலோவிடம் இருக்கின்றன. மடன் என்பதற்கு, சொல்லிக்கொடுத்ததைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல் என்று உரைமரபில் விளக்கம் உண்டு. சொல் நகரத்து மக்களின் குணம் அதுவேதான்! சொல்லை அவர்கள் சொன்னபடியே பிடித்துக்கொள்கிறார்கள், விடுவதில்லை. பேதைமை உள்ள சிறுவனும் மடன் உள்ள ஊராரும் எதிரெதிரே நிற்பதால் பிறக்கும் சிரிப்பு இது.

குறைகள்

நூலின் கடைசிப் பகுதி அவ்வளவு நன்றாக இல்லை. அறியாமை மலைகளில் அரக்கர்கள் ஒருவர்பின் ஒருவராக வருகிறார்கள். பலர் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார்களே தவிர வாழவில்லை. ஒருவன் மட்டும் விதிவிலக்கு. முகமே இல்லாத, நன்றாக உடுத்திய கனவான் ஒருவன் மணற்குவியலைச் சிறு இடுக்கியால் இடம் மாற்றவும், கிணற்றைக் கண்மருந்துக் குழாயால் இறைக்கவும், பாறையை ஊசியால் குடையவும் மூவரையும் பணிக்கிறான். மிகுந்த மரியாதையோடு கேட்பதால் அவர்களும் மணிக்கணக்கில் செய்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் முடிக்க 837 ஆண்டு ஆகும். அவன் பயனற்ற வேலைகளின் அரக்கன். இவனைப் படைத்த கை, மற்ற அரக்கர்களை ஏன் அவசரமாக வரைந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

இளவரசிகளும் ஏமாற்றமே. கதை முழுதும் அவர்களைத் தேடிப் போகிறோம். சந்தித்தபின் அவர்கள் நல்லுரை கூறுகிறார்கள், அவ்வளவுதான். சொற்சந்தையில் எழுத்துகளைத் தின்று பார்த்துச் சிரித்த நூல், இங்கே வகுப்பாசிரியர் குரலில் பேசத் தொடங்கிவிடுகிறது. பெண்பாத்திரங்கள் குறைவு என்பதையும், இருப்பவர்களில் முக்கியமானோர் அடைபட்டோ ஒதுங்கியோ இருப்பதையும் இன்றைய வாசகர்கள் கவனிக்கத் தவறமாட்டார்கள். 1970-இல் சக் ஜோன்ஸ் இக்கதையைத் திரைப்படமாக்கினார். சொல்லுக்குள் இருக்கும் வேடிக்கையைப் படமாக முன்னமே வரைந்து காட்டிவிட்டால் வாசகர் தாமே கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது என்பதற்கு அதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

மாணவர்களுக்கு

இந்நூலைப் படிப்பவர்கள் மரபுத்தொடரைக் கண்டதும் அகராதியைத் திறக்கவேண்டாம். முதலில் மைலோவைப்போல் அதை அப்படியே நம்பிக் காட்சியைப் பாருங்கள். சிரிப்பு வந்ததா? வந்தால், எதனால் என்று எழுதுங்கள். வராவிட்டால் தொடரின் வழக்குப் பொருளைத் தேடிப் பார்த்து, பிறகு வருகிறதா என்று பாருங்கள். 'இது உருவகம், இது மிகைக்கூற்று' என்று பெயரிடுவதைவிட இந்த இரண்டு வேறுபாட்டையும் எழுதும் விடைக்கே நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

இன்னொரு பயிற்சியும் உண்டு. சொல் நகரத்தில் பேசாமல் இருந்தால் மட்டும் நகரும் வண்டி ஒன்று வருகிறது. சொல்லத் தேவையில்லாதபடி தெளிவானதை ஆங்கிலத்தில் 'சொல்லாமலே போகும்' என்பார்கள். அதனால் அந்த வண்டி சொல்லாமல் போகிறது. நம்மிடம் 'சொல்லாமல் கொள்ளாமல் போனான்' என்று உண்டு. பொருள் வேறு, வண்டிக்குப் பொருந்தும். அப்படியானால் தமிழில் எத்தனை ஊர்களை மைலோ கடக்கக்கூடும்? வலையும் கூண்டுமாக ஊரே காக்கா பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் அரண்மனை வாசல். மாலையானால் மொட்டைமாடிகளில் நின்று நூல்கண்டோடு கதை விடும் ஒரு தெரு. அகப்பட்டதும் சட்டைப்பையிலிருந்து கம்பியை எடுத்து நீட்டும் திருடர்கள். உதவி கேட்டு வந்தவரைக் கண்டதும் கை கழுவத் தொட்டியடிக்கு ஓடும் உறவினர்கள். இவற்றுள் ஏதேனும் ஒன்றை எடுத்து, அங்கே மைலோ வந்து நின்றால் முதலில் என்ன கேட்பான், ஊரார் என்ன பதில் சொல்வார்கள் என்று இரண்டு பக்கம் எழுதிப் பார்க்கலாம். தொடரின் பொருளை மட்டும் எங்கும் விளக்கக்கூடாது.